அநாவசிய அசைவு

கிழக்கு வார்டு அக்காவுக்கு ‘பேட்டரி முழுங்கி’ என்று பெயர் வைத்தவர் எங்கள் மேலாளர். ஒரு கூட்டத்தில், எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே வைத்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. இன்றைக்கும் அந்த எரிச்சல் அடங்கவில்லை, அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். நிதானமாக, இரண்டு பக்க நியாயத்தையும் சீர்தூக்கிப் பார்த்து எழுதுகிறவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

நான் அந்த முதியோர் இல்லத்தில் எலெக்ட்ரீஷியன். பல்பு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. லிஃப்ட் நின்றுபோனால் முதல் வசவும் எனக்குத்தான். கட்டடத்தின் ஒரு கோடியில் ஆண்களுக்கான கிழக்கு வார்டு, மறுகோடியில் பெண்களுக்கான மேற்கு வார்டு. நடுவில் நீளமான நடை, அதன் பாதியில் அலுவலக அறையும் துணி அடுக்கும் அறையும். கிழக்கு வார்டைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. குள்ளம்தான், ஆனால் குரல் மட்டும் நடையின் மறுகோடி வரை போகும். காலையில் உள்ளே நுழைந்ததும் ஜன்னல்களைப் படபடவென்று திறந்துவிட்டு, “எந்திரிங்க, எந்திரிங்க! கட்டிலுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்க!” என்பார். பெரியவர்கள் முனகுவார்கள், திட்டுவார்கள், கடைசியில் எழுந்துவிடுவார்கள். ஒருவரை ஜன்னல் வரைக்கும், ஒருவரை முகம் கழுவும் இடம் வரைக்கும், தெம்புள்ளவரை நடை முழுவதும் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி நடக்க வைப்பார்.

இது அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்த வேலை இல்லை. அவருடைய மாமியார் வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகிப் போய்ச் சேர்ந்தவர். ஒரு நாள் சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா அதைப் பற்றிச் சொன்னார்.

“நோய் அவங்களப் படுக்க வைக்கல தம்பி. நாங்கதான் வச்சோம். ‘சிரமப்படாதீங்க அத்தை, படுத்துக்கோங்க, நாங்க பாத்துக்கறோம்’னு அன்பா சொல்லிச் சொல்லியே அவங்க கால எடுத்துட்டோம். புண்ணுக்கு மருந்து போடுறப்பதான் எனக்கே உறைச்சுது. அந்தத் தப்ப இன்னொரு ஆளுக்குப் பண்ண மாட்டேன்.”

அப்படி எழுப்பப்பட்டவர்களில் ஒருவர் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் நின்றே பிழைத்த மனிதர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, இனி சக்கர நாற்காலிதான் என்று சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கூடவே அவர் மனைவியும் வந்தார். ஆனால் இல்லத்தின் விதிப்படி அவர் கிழக்கு, அந்த அம்மா மேற்கு. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், யாராவது மனசு வைத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிற அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும்.

“ஏம்மா, அவ ஸ்டாப்புக்கு நானே நடந்து போக முடியுமா?” என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

“இன்னைக்கு முடியாது மாமா. ஆனா இன்னைக்கே கிளம்பிடலாம்” என்றார் அக்கா.

மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். முதலில் கட்டிலை விட்டுக் காலைத் தொங்கப்போட்டார், பிறகு நின்றார், பிறகு வாக்கரைப் பிடித்து இழுத்து இழுத்து நடந்தார். வழியில் யார் நின்றாலும், “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!” என்று விரட்டுவார். கடைசியில் ஒரு நாள் மேற்கு வார்டு வரை போயே விட்டார். அதற்குப் பிறகு தினமும் காலைத் தேநீர் முடிந்ததும் கிளம்பிவிடுவார். அங்கே போய் அந்த அம்மாவிடம் ஒரு மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கைப்பட்டை வந்தது.

பெரியவர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. உள்ளே அசைவை உணரும் சென்சார், கூடவே பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. யாராவது விழுந்தால் உடனே அலுவலகத்துக்குச் சேதி வரும். வயர் கிடையாது. பட்டையின் சின்னக் குரல் அலுவலகம் வரை எட்டாது என்பதால், நடைச் சுவரில் வரிசையாகச் சின்னப் பெட்டிகள் வைத்தார்கள். ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் சொல்லும், அது அதற்கடுத்ததிடம் சொல்லும், அப்படியே கைமாறிக் கைமாறிச் சேதி அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். சுவரை உடைத்து வயர் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பெட்டிகளுக்கும் பேட்டரிதான்.

இந்தச் சாமான்களுக்குப் பேசுவதுதான் செலவு. சும்மா தூங்குவதற்கு அநேகமாகச் செலவே இல்லை. அதனால் ஆள் அசையாமல் இருந்தால் பட்டை தூங்கிவிடும். அசைந்தால் விழித்துக்கொண்டு சேதி அனுப்பும். இருக்கிற சொற்ப சக்தியை இப்படிச் சிக்கனமாக வைத்துக்கொள்ள யோசித்தவன் கெட்டிக்காரன்தான், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அலுவலகத்துக்குப் பக்கத்திலிருந்த பெட்டி மட்டும் மற்றதையெல்லாம் விடச் சீக்கிரம் செத்துப்போகும். மேலாளர் ஏன் என்று கேட்டார்.

“எல்லார் பேச்சும் கடைசில இது வழியாத்தான் சார் போகுது. அதான் இது சீக்கிரம் களைச்சிடுது.”

“அப்போ எல்லாரையும் கொறச்சுப் பேச வை” என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்துவிட்டேன்.

முன்கூடத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். ஒவ்வொரு பெரியவர் பெயருக்கும் எதிரே ஒரு கோடு. பேட்டரி நிறைய இருந்தால் பச்சை, குறையக் குறைய மஞ்சள், சிவப்பு. பட்டை விற்ற கம்பெனி, எந்த வார்டில் பேட்டரி அதிக நாள் உழைக்கிறதோ அந்த வார்டுக்கு ஒரு கோப்பை என்று அறிவித்தது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. கொடுமை என்னவென்றால், பார்க்க வருகிற பிள்ளைகள் அந்தப் பச்சையைப் பார்த்து அப்பா அம்மா சௌக்கியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். பலர் திரையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலேயே திரும்பிப் போனார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை. ஏன் திருத்துவார்கள்?

திரையில் மேற்கு வார்டு தோட்டம் போலப் பச்சை. அங்கே எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கிழக்கு வார்டு ஒரே சிவப்பு.

அதற்காகத்தான் அந்தக் கூட்டம்.

“உங்க வார்டு ஆளுங்க மட்டும் ஏம்மா இப்படி பேட்டரியத் தின்னுறாங்க?” என்று கேட்டார் மேலாளர்.

“நடக்குறாங்க சார்” என்றார் அக்கா.

“எதுக்கு?”

“கால் இருக்கே சார்.”

அப்போதுதான் பேட்டரி முழுங்கி என்ற பெயர் வந்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: ‘பேட்டரி சிக்கனம் கருதி, வார்டுகளில் அநாவசிய அசைவுகளைத் தவிர்க்கவும்.’ மனுஷன் காலை நீட்டி மடக்குவதற்குக் கூட ஆபீஸ் உத்தரவு! நான் ஸ்குரூடிரைவரும் கையுமாக நேரே மேலாளர் அறைக்குப் போனேன்.

“சார், படுத்தே கெடக்குறவங்க பட்டை தூங்கிட்டே இருக்கும். அதனாலதான் அங்க பேட்டரி மிச்சம். பொணத்துக்குக் கட்டி விட்டா இன்னும் அதிக நாள் வரும். அதுக்கும் கோப்பை குடுப்பீங்களா?”

அவருக்கு விஷயம் தெரியாது, நாம் போய் விளக்கினால் புரிந்துகொள்வார் என்று எண்ணித்தான் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார். “இது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? கம்பெனிக்காரன் ரெண்டு வருஷம் பேட்டரி வரும்னு சொல்லி ஊரெல்லாம் விக்கிறான். நம்ம இல்லத்தத்தான் உதாரணமா காட்டுறான். உன் அக்கா ஒருத்தியால அது கெட்டுப்போகணுமா? போய் பல்ப மாத்து.” தெரிந்தே செய்கிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

அன்றே அக்காவைக் கூப்பிட்டு, அடுத்த தடவையும் சிவப்பாக இருந்தால் வேலை நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருக்கிறவர். மகள் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு அக்காவின் தலையில்தான் நின்றது. அடுத்த சில நாள் கிழக்கு வார்டில் ஜன்னல் திறந்தது, யாரையும் எழுப்பும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கண்டக்டர் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “வண்டி ஏம்மா கிளம்பல?” என்று கேட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒரு காலையில் நான் போனபோது வார்டே எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது. அக்கா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு தலையணையைத் தூக்கிக் காட்டினார். அடியில் கைப்பட்டை.

“பட்டை தூங்கட்டும் தம்பி, மனுஷங்க நடக்கட்டும்” என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பட்டையைக் கழற்றினால் கத்துகிற வசதி முதலில் இருந்தது. அப்படிக் காவல் காப்பதற்கும் பேட்டரி செலவாகிறது என்று கம்பெனிக்காரர்களே அதை நிறுத்தியிருந்தார்கள். ஆகவே அலுவலகக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன் கணக்கில் கிழக்கு வார்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஆடாமல் அசையாமல் தங்கமாகப் படுத்திருந்தார்கள். புது பேட்டரி போட்டதும் திரை பச்சையாகி, பச்சையாகவே நின்றது. கோப்பையும் கிழக்கு வார்டுக்கு வந்தது! மேலாளர் கைதட்டி, “பேட்டரி முழுங்கி திருந்திட்டாங்க” என்றார். படம் பிடித்தார்கள். அக்கா கோப்பையைக் கழிவுப் பாத்திரம் போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நானும் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன், நன்றாக ஏமாந்தார்கள் என்று.

கண்டக்டருக்கு அதற்குள் தைரியம் கூடிவிட்டது. ஒரு நாள் அக்கா அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, “இங்கயே இருங்க மாமா, தோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, வாந்தி எடுத்துக்கொண்டிருந்த இன்னொருவரைப் பார்க்கப் போனார். ஒரு வார்டுக்கு ஒரே ஆள் என்றால் இப்படித்தான் ஆகும். இவருக்குப் பொறுமை இல்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார். துணி அறைத் திருப்பத்தில் கால் பின்னி விழுந்தார். பட்டை கையில் இருந்திருந்தால் அந்த நொடியே அலுவலகத்தில் மணி அடித்திருக்கும். அது தலையணைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பேட்டரி மாற்ற ஏணியோடு வந்த நான்தான் அவரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் கிடந்தாரோ, உதடெல்லாம் வறண்டிருந்தது.

“திருப்பத்துல கம்பியப் பிடிக்காம நின்னுட்டேன்பா” என்றார். அவருக்கு அப்போதும் பேச்சு குறையவில்லை. இடுப்பெலும்பு விட்டுப் போயிருந்தது.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. கம்பெனியிலிருந்தும் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா எதையும் மறைக்கவில்லை. “பட்டையக் கழட்டுனது நான்தான். தப்புதான்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “தப்புதான், யார் இல்லேன்னா? ஆனா ஏன் கழட்டுனாங்கன்னு ஒருத்தராவது கேளுங்க! நடந்தா வேலை போயிடும்னு சொன்னது யாரு? கழட்டுனா கத்துற வசதியப் பேட்டரிக்காக நிறுத்துனது யாரு?”

கம்பெனிக்காரர் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். “பாதுகாப்பு விதிய மீறுனா மீறுனதுதான்” என்றார். மத்தியானத்துக்குள் அக்காவை அனுப்பிவிட்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டும்போது முன்கூடத் திரையில் அந்தக் கோப்பைப் படம் அப்படியே இருந்தது. எடுக்க வேண்டும் என்று கூட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பட்டைகளுக்குச் சாவி போட்டுப் பூட்டினார்கள். கிழக்கு வார்டுக்குப் புதிதாக வந்தவர் உத்தரவுப்படி நடந்துகொண்டார். அவரைச் சொல்லி என்ன பயன்? கண்டக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் முடிந்து வந்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, இனி மெல்ல நடக்கப் பழக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பழக்க யாரும் இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளவும் ஆள் இல்லை என்றார்கள். அவர் கால்கள் போர்வைக்குள் நாளுக்கு நாள் மெலிந்தன. ஒரு தடவை வெளியூரிலிருந்து மகன் வந்தார். திரையைப் பார்த்தார். “அப்பாதான் எல்லாரையும் விட பச்சையா இருக்கார்” என்று சந்தோஷப்பட்டார். ஏணி மேல் நின்றிருந்த எனக்குக் கையிலிருந்ததைத் தூக்கி அந்தத் திரைமேல் எறியலாமா என்று வந்தது.

ஒரு சாயங்காலம் வாசலில் பழகிய குரல் கேட்டது. அக்கா! எங்கேயோ பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது, நாள் முழுக்க நின்றுவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று விதிப்படி கேட்டார்.

“எங்க மாமாவ.”

காவலாளிக்கு அக்காவை நன்றாகத் தெரியும். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

அக்கா கண்டக்டரின் கட்டிலருகே போய் நின்றதும் அழுதுவிட்டார். “என்னாலதான மாமா...”

“சொல்லாம கொள்ளாம ஓடுற வண்டியில எறங்கப் பாத்தது நான். உனக்கு எதுக்கும்மா அபராதம்?” என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்ட அக்கா, போர்வையை விலக்கி அந்தக் கால்களைப் பார்த்தார். அப்புறம் அழவில்லை. அவருக்கு வந்தது கோபம். “எந்திரிங்க” என்றார்.

அன்று உட்கார மட்டும்தான் முடிந்தது. அக்கா மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். சம்பளம் கொடுத்து, கும்பிட்டுச் செய்யச் சொல்ல வேண்டிய வேலையைச் செய்ததற்காக விரட்டியடித்தார்கள். அதையே அக்கா வீங்கிய காலோடு வந்து சும்மா செய்துவிட்டுப் போகிறார். இதில் நெகிழ்ந்துபோக ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டும்.

கண்டக்டர் இரண்டு அடி வைத்த அன்று மேலாளர் வந்துவிட்டார். திரையில் ஒரு கோடு மஞ்சளாகியிருந்தது.

“நீங்க இங்க வேலையில இல்லம்மா.”

“தெரியும் சார். பாக்க வந்திருக்கேன். பார்வை நேரம்தான?”

“பாக்க வந்தா பாத்துட்டுப் போகணும். நடக்க வைக்கக் கூடாது.”

கண்டக்டர் வாக்கரை விடாமல், மூச்சு வாங்க, தலையை மட்டும் திருப்பினார். “பட்டை உங்களோடது சார். அதுக்குத்தான் சாவி போட்டுப் பூட்டியிருக்கீங்க, நான் தொடல. கால் என்னோடது. டாக்டரு எழுதியே குடுத்திருக்காரு. கொஞ்சம் நகருங்க, வழியில நிக்குறீங்க.”

மேலாளர் நகர்ந்தார். வேறு என்ன செய்வார்?

அதன் பிறகு நடையில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தேன், யார் கேட்டாலும் பல்பு மாற்றுவதற்கு என்று சொன்னேன். ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலி வரை அவர் போவார், உட்காருவார், இரைக்கும், திரும்புவார். பழைய வேகம் இல்லை. மேற்கு வார்டு இன்னும் வெகு தூரம். ஒரு நாள் சாயங்காலம் மேற்கு வார்டில் மின்விசிறி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். அவர் எழுந்து உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. திரையில் தோட்டம் போலப் பச்சையான வார்டு அல்லவா.

“அவரு எந்திரிச்சுட்டாராமே? எங்க வரைக்கும் வர்றாரு?”

“துணி அறை வரைக்கும் வந்துட்டாரும்மா. அங்கேயிருந்து திரும்பிடறாரு. இதுக்கு மேல முடியாதோன்னு நேத்து சொன்னாரு.”

அந்த அம்மா போர்வையைக் காலால் தள்ள முயன்றார். அது நகரவில்லை. கையால் பிடித்து இழுத்து ஒதுக்கினார்.

“அந்தப் பொண்ண இங்க கூட்டிட்டு வா. என்னக் கட்டில விட்டு எறக்கச் சொல்லு. துணி அறையிலயே நிக்கச் சொல்லு அவர, மிச்ச தூரம் நான் வரேன்.”

மின்விசிறியை அப்படியே தொங்கவிட்டு அக்காவைக் கூப்பிட ஓடினேன்.